கெங்கவல்லிக்குப் போன கோழி மெயில்கள்

ஆய்வேட்டை எழுதுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்த அப்பாவி நான். எழுதியும் விட்டேன். வழிகாட்டிப் பேராசிரியர் சிவப்பு மையில் அடித்ததையெல்லாம் திருத்தி, வேறு யாரிடமிருந்தும் நான் திருடவில்லை என்று மென்பொருள் கொடுத்த சான்றிதழையும் பின்னால் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிப் பென் டிரைவில் போட்டு வைத்திருந்தேன். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கோப்பைப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசிக் கெடு. தவறினால் பகுதிநேர ஆய்வாளன் என்ற என் பதிவு ரத்து. ஏற்கெனவே கால நீட்டிப்பு வாங்கி, அதற்கு மேல் ஒரு நீட்டிப்பும் வாங்கியிருந்தேன். இனிமேல் வாங்குவதற்கு விதிமுறையில் இடமில்லை. முதலிலிருந்து சேர்ந்து, முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

ஒரு கோப்பை ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்று கடைசி நாள்வரை விட்டுவைத்தேன். பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் நான். நேரத்தின் மதிப்பைப் பற்றி வகுப்பில் அருமையாகப் பேசுவேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, ராசிபுரத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். இணையதளம் திறந்தது. திறந்த வேகத்தில் ஒரு செய்தி. புதிய அமைப்புக்கு மாறிவிட்டோம், எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும், உங்கள் மின்னஞ்சலுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிடத்துக்குள் அதை இங்கே இடவும். நல்லது என்று மின்னஞ்சலைத் திறந்தேன். வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னேன். வரவில்லை. குப்பை மடல்களுக்குள் தேடினேன். எனக்குக் கடன் கொடுக்கத் துடிக்கும் நல்லவர்கள் பலர் இருந்தார்கள், நூலகம் இல்லை.

நூலகத்தின் மின்வழிச் சேவைகள் மீது எனக்கு ஏற்கெனவே ஒரு கடுப்பு உண்டு. பல்கலைக்கழகம் இருப்பது எங்கள் ஊரிலிருந்து அரை நாள் பயணத்தில். அதனால் வீட்டிலிருந்தபடியே நூலகத்தைப் பயன்படுத்தலாம் என்று எங்களுக்கெல்லாம் ஒரு கணக்கு கொடுத்திருந்தார்கள். பயிற்சியும் வீடியோவில் நடத்தினார்கள். அதில் நூலகர் அம்மா ஒருவர், "நீங்கள் கட்டுரையைத் தேடி அலைய வேண்டாம், கட்டுரை உங்களைத் தேடி வரும்" என்றார். உங்கள் தலைப்புக்கான சொற்களைக் கொடுத்து வைத்தால், உலகத்தில் எங்கே அதைப்பற்றிப் புதிதாக எழுதினாலும் மின்னஞ்சலில் தகவல் வந்துவிடுமாம். அன்றைக்கே சொற்களைக் கொடுத்து வைத்தேன். ஒன்றும் வரவில்லை. சொற்களை மாற்றிக் கொடுத்தேன். வரவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை என்று இருந்ததைத் தினமும் என்று ஆக்கினேன். நூலகம் சந்தா கட்டியிருந்த தரவுத்தளம் ஒன்றுவிடாமல் உள்ளே போய், எல்லாவற்றிலும் என் சொற்களை விதைத்துவிட்டு வந்தேன். ஒரு குருவிகூட எட்டிப்பார்க்கவில்லை. இவர்கள் சேவை இவ்வளவுதான் என்று சக ஆய்வாளர்களிடம் பேசித் திரிந்தேன்.

அந்த ஆத்திரத்தோடுதான் இப்போதும் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி கோழிக் கொட்டகையிலிருந்து முட்டை அட்டைகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, காத்தால இருந்து அதையே தட்டிக்கிட்டு இருக்கறீங்க. முட்ட எடுக்கற ஆளு இன்னிக்கி வரலீங்க. ஒரு கை புடிச்சா ஆவாதா?"

"இன்னிக்கி ஒரு நாளு உடு சாமி. இன்னிக்கித்தான் கடைசி."

"அப்படி என்னத்தப் பத்தித்தானுங்க எழுதியிருக்கறீங்க?"

அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். கோழிப் பண்ணைக் குடும்பங்களில் பெண்கள் செய்யும் கூலியில்லாத வேலைகளைப் பற்றி என்று என் வாயால் சொல்ல வைக்க வேண்டும். சொன்னேன்.

"நல்லா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நூலகத்தின் உதவி எண்ணுக்கு அடித்தேன். நெடுநேரம் பாட்டு கேட்ட பிறகு ஒரு இளைஞர் எடுத்தார். பொறுமையான குரல். அந்தப் பொறுமைதான் என்னைக் கொன்றது.

"சார், ஓடிபி உங்க மெயிலுக்கு அனுப்பியாச்சு. ஆனா திரும்பி வந்திருக்கு. பெட்டி நிறைஞ்சிருக்குன்னு காட்டுது."

"எம் பெட்டி பாதி காலியா கெடக்குதுங்க. நானே இப்பப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்."

"ஒரு நிமிஷம் சார். உங்க மெயில் ஐடி..." என்று இழுத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். முதலில் ஒரு சாமி பேர் வந்தது. பின்னால் 'பிரவுசிங்' என்று வந்தது.

எனக்கு அப்படியொரு முகவரியே கிடையாது. மாற்றிக் கொடுங்கள் என்றேன். தாராளமாக மாற்றலாம், வழிகாட்டியின் கையெழுத்து, துறைத் தலைவரின் கையெழுத்து, பதிவாளர் அலுவலகத்தின் ஒப்புதல், அதன்பிறகு பதினைந்து வேலைநாள் என்றார். இன்று ஐந்து மணிக்குக் கெடு என்றேன். "ஆமா சார், இன்னைக்கு ஐந்து மணிக்குத்தான்" என்று அவரும் ஒப்புக்கொண்டார். எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

போனை வைத்த பிறகுதான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த அந்த பிரவுசிங் சென்டர் நினைவுக்கு வந்தது. ஆய்வுக்கு விண்ணப்பம் போட அங்கேதான் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நான் பேர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா பேரையும் தட்டிவிட்டு, புகைப்படத்தைச் சுருக்கி, கையெழுத்தை ஸ்கேன் செய்து, "முடிஞ்சுது சார், அடுத்து யாரு?" என்றாள். மின்னஞ்சல் என்ற கட்டத்தில் கடை முகவரியைப் போட்டிருக்கிறாள். போடத்தான் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் பாதிப்பேரின் சாதிச் சான்றிதழும் லாரி பர்மிட்டும் ஏதோவொரு கடைக்காரரின் மின்னஞ்சலில்தான் குடியிருக்கின்றன. வந்தவரிடம் மின்னஞ்சல் கேட்டால் இல்லை என்பார், இருந்தால் கடவுச்சொல் மறந்துவிட்டது என்பார், பின்னால் நிற்கும் வரிசை கத்தும். அதனால் கடை முகவரி. ஏழை எளியவர்கள் விஷயத்தில் இப்படி நடக்கிறது என்று நானே ஒரு கருத்தரங்கில் கவலையோடு பேசியிருக்கிறேன். என் விண்ணப்பத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கும் பழைய சகஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு, கடை இருக்கிறதா பார்க்கச் சொன்னேன். அது பிரியாணிக் கடை ஆகி வெகுநாள் ஆயிற்றாம். மனிதர் சும்மா திரும்பவில்லை, கட்டட உரிமையாளரைப் பிடித்து அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கிவிட்டார். பார்சலும் வாங்கினார் என்று பிறகு தெரிந்தது. அவள் கல்யாணமாகிக் கெங்கவல்லிக்குப் போய், அங்கே சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பழைய கடையின் மின்னஞ்சலையே இன்னும் வைத்திருக்கிறாளாம்.

கூப்பிட்டேன். பல்கலைக்கழகம் என்றேன், பேர் சொன்னேன், விண்ணப்பம் என்றேன். எதுவும் அவளுக்கு நினைவில்லை. கோழிப் பண்ணை பற்றிய ஆய்வு என்று சொன்னதும் அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

"கோழி சாரா நீங்க?"

"ஆமாங்க, என்னங்க?"

"ஏன் சார், உங்களுக்கு நான் என்னா பாவம் பண்ணேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆண்டுக்கணக்கில் விதைத்த விதையெல்லாம் முளைத்துத்தான் இருக்கிறது. நூலகக் கணக்கில் இருந்த முகவரியையே எல்லாத் தரவுத்தளமும் எடுத்துக்கொண்டதால் கெங்கவல்லியில் முளைத்திருக்கிறது. தினமும், ஒவ்வொரு தரவுத்தளத்திலிருந்தும், படத்தோடு. என் ஓடிபி நுழைய முடியாமல் அவள் பெட்டியை அடைத்துக்கொண்டிருப்பது நான்.

"கொஞ்சம் அழிச்சுட்டு, ஓடிபி வந்தா போன்ல சொல்லீருங்களேன்."

"அழிக்கறதா? கடையில ஆளு நிக்குது சார். அதுல பாதி ஊரு பேப்பர் கெடக்குது, உங்களத மட்டும் பொறுக்கிப் பொறுக்கி அழிக்க எனக்கு நேரமில்ல. பாஸ்வேர்டும் தர மாட்டேன். வேணும்னா நேர்ல வந்து நீங்களே அழிச்சுட்டுப் போங்க."

பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். "எங்கீங்க?" என்று கொட்டகையிலிருந்து மனைவியின் குரல். "கெங்கவல்லி போயிட்டு வாரேன்" என்றேன். முட்டை பொறுக்குவதிலிருந்து தப்பிக்க மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்று அவள் நினைத்திருக்கலாம்.

நாமகிரிப்பேட்டை தாண்டியதும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். முந்தவும் விடவில்லை, வேகமாகவும் போகவில்லை. வளைவுக்கு வளைவு இரண்டு கிழங்கு உருண்டு விழுந்தது. தம்மம்பட்டி வரை என் ஆய்வுப் பதிவின் எதிர்காலம் அந்த லாரி டிரைவரின் கையில் இருந்தது. அவர் டீ குடிக்க நிறுத்திய பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது.

கடையில் போய் இறங்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. சின்னக் கடை. ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு கணினி, அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். உபசாரம் இல்லை, வேலைக்கு ஆள் வந்துவிட்டது.

"பாருங்க சார், நீங்களே பாருங்க. நேத்துல இருந்து பெட்டி நெறஞ்சு ஒரு மெயிலும் உள்ள வரல. ஒரு நாளு கோழிக்குச் சளி. மறுநாளு கோழிக்குக் கழிச்சல். கோழிய உட்டா பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை. எங்க வீட்டுக்காரரு போனைப் பாத்துட்டு, 'எங்கிட்டச் சொல்லாம எந்த டாக்டரம்மாகிட்டப் போற'ன்னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு."

பெண்கள், முட்டை, உழைப்புக்கு 'லேபர்' என்று நான் ஆங்கிலத்தில் கொடுத்து வைத்த சொற்களை அந்த இயந்திரங்கள் நேராகப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தன.

"ஒரு தடவ போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமேங்க?"

"யாருக்குன்னு சார் சொல்றது? எதுலயும் பேரு இல்ல. 'அன்புள்ள ஆய்வாளருக்கு'ன்னு இங்கிலீஷ்ல போடறான். நான் என்னாத்த ஆய்வு பண்றேன்? விளம்பரமோ என்னமோன்னு உட்டுட்டேன்."

நூலகம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி அனுப்பிய எச்சரிக்கைகளும் அந்தக் கூட்டத்துக்குள்தான் கிடந்தன, கோழிகளுக்கு நடுவே.

அழிக்க ஆரம்பித்தேன். ஒரு திரைக்கு ஐம்பது மடல். மொத்தமாகத் தேர்ந்தெடுத்தால் ஊராரின் கடிதங்களும் போய்விடும் என்பதால் அனுப்புநர் வாரியாகத் தேடி, பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும். எந்தக் கட்டுரைகளுக்காக நான் ஏங்கிக் கிடந்தேனோ அவையெல்லாம் தலைப்போடு கண்முன்னே ஓடின. என் மூன்றாம் அத்தியாயத்துக்கு அச்சாகப் பொருந்தும் கட்டுரை ஒன்றும் இருந்தது. இரண்டு நொடி பார்த்துவிட்டு அழித்தேன். இனி அதைப் படித்தால் ஆய்வேட்டைத் திருத்த வேண்டிவரும்.

இடையிடையே ஆள் வந்தது. ஆள் வந்தால் நான் எழுந்துவிட வேண்டும், கடைக்கு ஒரே கணினி. ஆதார் நகல் ஒருவருக்கு, மின்கட்டணம் ஒருவருக்கு. பட்டா எடுக்க வந்த பெரியவர் ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, கோழி டாக்டரா?"

"இல்லீங்க, பொருளாதாரம்."

"அதுக்கு ஏன் இத்தனை கோழி?"

எழுந்து அவருக்கு இடம் விட்டேன்.

மூன்றரை மணியளவில் என் கோழிகள் எல்லாம் ஒழிந்தன. ஓடிபி கேட்டேன். இல்லை. மறுபடி கேட்டேன். பெட்டி இன்னும் நிறைந்தே இருந்தது. அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அழித்ததெல்லாம் குப்பைத் தொட்டியில்தான் கிடக்கிறதாம், அதையும் காலி செய்தால்தான் இடம் வருமாம்.

"அப்பக் காலி பண்ணீரலாங்க" என்று மவுஸை நகர்த்தினேன். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள்.

"ஐயோ, தொடாதீங்க! அதுலதான் சார் என் கடையே இருக்குது."

முடிந்த வேலைகளை அவள் குப்பைத் தொட்டியில்தான் போட்டு வைப்பது வழக்கம். வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பை அச்செடுத்ததும் தள்ளிவிடுவாள். ஒரு மாதம்வரை அங்கே கிடக்கும், அதற்குள் தொலைத்துவிட்டுத் திரும்பி வருபவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள், அதற்கப்புறம் தானாகவே அழிந்துவிடும். வேறு எந்த அலமாரியும் இப்படித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளாது என்பது அவள் வாதம். எதிர்வாதத்துக்கு எனக்கு நேரமில்லை.

"இதுல நர்சிங் படிக்கற புள்ள ஒண்ணோட ஹால்டிக்கெட் இருக்குது. திங்கக்கிழமை பரீச்ச. அந்தப் புள்ள ஒண்ணத் தொலைச்சுட்டு இன்னொண்ணு கேட்டிருக்குது. அதெல்லாம் வெளிய எடுத்தப்புறந்தான் நீங்க காலி பண்ணணும்."

ஆக, நான் குப்பைக்குத் தள்ளிய ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நடுவில் அவளுடைய கடையைப் பொறுக்கி வெளியே எடுக்க வேண்டும். அவள் பேர் சொல்லச் சொல்ல நான் தேடினேன். பேர் போட்டுத் தேடினால் கிடைக்காது, வாடிக்கையாளர்கள் யாரும் தங்கள் மின்னஞ்சலிலிருந்து அனுப்புவதில்லை. தங்கச்சி மாப்பிள்ளை, டியூஷன் வாத்தியார், ஆத்தூர் ஜெராக்ஸ் கடை என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தது. எனக்குத் தேடும் வழிமுறைகள் பற்றி நூலகம் நடத்திய பயிற்சி முழுக்க வீணாயிற்று. நடுவில் பதற்றம் தாங்காமல் திரையில் பக்கத்துச் சாளரத்துக்குப் போய் ஓடிபி பொத்தானை இன்னும் நாலு தட்டு தட்டினேன். நூலகத்தின் தளம் முகம் சிவந்தது. அதிக முறை முயன்றுவிட்டீர்களாம், அரை மணி நேரம் கழித்து வரவும்.

"கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா சார்?" என்றாள். எங்கள் வீட்டில் காலையில் கேட்டது இதற்கு நேர் எதிர், கையை வைத்து ஏதாவது செய்யக்கூடாதா என்று. இரண்டு பேருக்கும் ஏற்ற மாதிரி ஒரு கை எனக்கு வாய்க்கவில்லை.

ஹால்டிக்கெட் கிடைத்தது. அதை அப்போதே இரண்டு பிரதி அச்செடுத்து மேசைக்குள் வைத்தாள். மற்றவையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் அவளே மவுஸை வாங்கி, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்தாள். மணி நாலரை ஆகியிருந்தது. அரை மணி தண்டனை இன்னும் முடியவில்லை. நான் கடை வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்தேன். பட்டா பெரியவர் வேலை முடிந்தும் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "வந்துச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் காத்திருந்தார்.

தண்டனை முடிந்ததும் கேட்டேன். வந்தது. 'அன்புள்ள ஆய்வாளருக்கு' என்று தொடங்கி ஆறு எண்கள். அவள் உரக்கப் படிக்க, நான் தட்டினேன். புதிய கடவுச்சொல் கேட்டது. பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும் என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, "நகருங்க" என்று சொல்லித் தன் வாடிக்கையாளர் எல்லோருக்கும் போடும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டாள். கெங்கவல்லி வட்டத்தில் யார் வேண்டுமானாலும் இனி என் கணக்கில் நுழைந்து படிக்கலாம். படிக்கட்டும்.

பென் டிரைவைச் செருகினேன். நீலக்கோடு ஊர ஆரம்பித்தது. பாதியில் நின்றது. மறுபடி ஊர்ந்தது. ஐந்து மணிக்குச் சற்று முன்னால் 'ஏற்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் வந்தது. அடுத்த நொடியே அவள் பெட்டியில் டிங் என்றது. என் ஆய்வேடு கிடைத்ததற்கான ஒப்புகை.

"உங்களுக்குத்தான் சார். வாழ்த்துகள்னு போட்டிருக்கான்."

பெரியவர் எழுந்து, "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. கையெழுத்து, ஒப்புதல் எல்லாம் வாங்கியாவது முதலில் இந்த மின்னஞ்சலை மாற்றி உங்களை விடுவிக்கிறேன் என்று, அதற்கான விண்ணப்பத்தைத் தேடிச் சுயவிவரப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு வரி: ஆய்வேடு ஏற்கப்பட்டபின் வாய்மொழித் தேர்வு முடியும்வரை விவரங்களை மாற்ற இயலாது.

அவளும் படித்தாள்.

"வாய்மொழித் தேர்வு எப்ப சார்?"

"அது... வெளியூருக்கு அனுப்பி, ரெண்டு பேரு படிச்சு... ஆறு மாசமோ, ஒரு வருசமோ."

"தேதியும் எனக்குத்தான் வருமா?"

"ஆமாங்க."

ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, "தேதி வந்தா போன் பண்றேன். ஆனா கோழி ஒண்ணு இனிமே உள்ள வரக்கூடாது. எங்கெங்க சொல்லி வச்சீங்களோ அங்கெல்லாம் போயி நிறுத்திட்டுத்தான் நீங்க கெளம்பணும்" என்றாள்.

எங்கெங்கே சொல்லி வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவற்றின் கடவுச்சொற்களும் நினைவில்லை. முதல் தரவுத்தளத்தைத் திறந்து, 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்ற இடத்தில் அழுத்தினேன். அவள் பெட்டியில் டிங் என்றது. இன்னொரு நாற்காலியைப் பக்கத்துக் கடையிலிருந்து இழுத்துப்போட்டுக்கொண்டு, "படிக்கிறேன், தட்டுங்க" என்றாள்.